விழுந்தவர்களைக் கணக்கில் வைத்த சீமை

திருவண்ணாமலை மாவட்டத்தில், செங்கம் பகுதியைச் சேர்ந்த எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. வட்டெழுத்தில் சில வரிகள், வில்லும் வாளும் ஏந்திய ஓர் ஆள், அவனை ஒட்டி ஒரு நாய். முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நட்ட கல். வாணகோ அரசரின் மருமகன் பொற்றொக்கையாரிடம் சேவகனாக இருந்த கருந்தேவக்கத்தி தன் எருமைகளைக் காக்கும்போது பட்டான் என்கிறது எழுத்து. கோவிவன் என்ற நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றது என்றும் சொல்கிறது. அதற்குமேல் ஒன்றும் இல்லை. எருமைகள் திரும்பி வந்தனவா, அவன் எத்தனை பேரை வெட்டினான், கள்ளர்கள் பிடிபட்டார்களா என்றெல்லாம் கல்லில் தேடினால் கிடைக்காது. காக்கப் போனவன் செத்தான், கூட நின்றது ஒரு நாய். இந்தச் செய்தியைக் கல்லில் வெட்டி, எல்லாரும் பார்க்க நிறுத்தி, படையலும் வைக்க வேண்டும் என்று அந்தக் காலத்து ஊருக்குத் தோன்றியிருக்கிறது.

தற்காப்பு என்ற சொல் இன்று பள்ளி மைதானங்களிலும் கராத்தே வகுப்புப் பலகைகளிலும் சிலம்பக் கூடங்களிலும் புழங்குகிறது. ஒருவரே நான்கு பேரைச் சாய்க்கலாம், கத்தியை வெறுங்கையால் தட்டிப் பறிக்கலாம் என்ற நம்பிக்கையை இந்தப் பயிற்சிகளில் ஒரு பகுதி கற்பவர் மனத்தில் ஏற்றிவிடுகிறது. திரைப்படம் அதை இன்னும் ஊதிப் பெரிதாக்குகிறது. இது நம் பழைய வீர மரபின் தொடர்ச்சி என்றும் பலர் நம்புகிறார்கள். அண்ணாமலையைச் சுற்றியுள்ள சீமையின் வரலாற்றைப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியவில்லை. தன்னைக் காத்துக்கொள்வதைப் பற்றி இந்த மண் எழுதி வைத்திருப்பதில் பெரும்பகுதி, தோற்றவர்களையும் செத்தவர்களையும் பற்றியது. ஆபத்தைத் தவிர்த்து ஒதுங்கிப் போகும் வழியைப் பற்றியது. தோல்வி வரக்கூடும் என்பதை முதலில் ஒப்புக்கொண்டு, அதன்பிறகே காவலைப் பற்றி யோசித்த மரபு இது. அந்த அடக்கத்தை விட்டுவிட்டு வீரத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் நமக்குக் கிடைப்பது ஆபத்தான பாதி.

நடுகற்களிலிருந்தே தொடங்குவோம். செங்கம் பகுதிக் கற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை திரட்டி, இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1972இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்ற நூலாக வெளியிட்டது. பல்லவ அரசர்களின் ஆட்சியாண்டுகளைக் குறிக்கும் கற்கள் அதில் நிறைய. பெரும்பாலானவற்றில் சண்டைக்குக் காரணம் மாடு. ஒரு கூட்டம் வந்து தொறுவை, அதாவது ஆநிரையை, ஓட்டிக்கொண்டு போகும், ஊர்க்காரன் ஒருவன் மீட்கப் போவான், அங்கேயே படுவான். இலக்கணம் இதைக் கவர்தலுக்கு வெட்சி, மீட்டலுக்குக் கரந்தை என்று வகுத்தது. நடுகல் எடுப்பதற்குக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்ற படிகளைத் தொல்காப்பியம் சொல்கிறது. 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த தமிழ்ப் பிராமி எழுத்துள்ள நடுகற்கள் வழக்கத்தின் பழமையை இன்னும் பின்னுக்குத் தள்ளின. அவற்றில் ஒன்றும் ஆகோளில், அதாவது ஆநிரை கவரும் சண்டையில், இறந்தவனைத்தான் குறிக்கிறது. ஆகவே செங்கத்தார் புதிதாக எதையும் தொடங்கவில்லை. ஆனால் அவர்கள் இவ்வளவு கற்களை, இவ்வளவு விவரத்தோடு, நூற்றாண்டுக் கணக்கில் நட்டுக்கொண்டே இருந்தார்கள். அதுதான் இந்த இடத்தின் தனித்தன்மை.

கற்களின் சிற்பத்தைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். வீரன் பெரும்பாலும் ஒரு கையில் வில்லும் மறுகையில் குறுவாளுமாகக் காலை அகட்டி நிற்கிறான். காலடியில் கெண்டியும் சிமிழும். சில கற்களில் அவன் உடம்பிலேயே அம்பு தைத்து நிற்கிறது. சிற்பிக்கு அம்பை விட்டுவிட்டு ஆளை மட்டும் செதுக்குவது எளிது. பார்க்கவும் கம்பீரமாக இருந்திருக்கும். ஆனால் அவன் அம்பைச் செதுக்கினான். வாள் ஏந்திய கை, அகட்டிய கால் ஆகியவற்றோடு, அவற்றையெல்லாம் மீறி உள்ளே வந்த அம்பும் அதே கல்லில் இடம் பெற்றது. அந்தக் கல்லைப் பார்த்து வளர்ந்த பையனுக்கு வில் வித்தையின் எல்லை எது என்று யாரும் தனியாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. இறந்தவன் குடும்பத்துக்கு நிலம் விட்ட செய்தியும் தமிழகக் கல்வெட்டுகளில் வருகிறது. அந்த நிலத்துக்கு நெய்த்தோர்ப்பட்டி, உதிரப்பட்டி என்று பெயர். காவலுக்குப் போகிறவன் திரும்பாமல் போகலாம், அப்போது அவன் பெண்டு பிள்ளைகள் என்ன சாப்பிடுவார்கள் என்பதுவரை யோசித்த ஏற்பாடு அது. போருக்கு முன்பே சாவைக் கணக்கில் எழுதிவிட்ட சமூகத்தால்தான் இப்படி நிலத்துக்குப் பெயர் வைக்க முடியும்.

இங்கே ஒரு கடுமையான மறுப்பு எழும், எழ வேண்டும். நடுகல் பயிற்சிக் கையேடு இல்லையே, அது சாவைப் புகழ்ந்து, இளைஞர்களைச் சாகத் தூண்டிய பிரசாரம்தானே என்று கேட்கலாம். குறுநில மன்னனுக்கும் ஊர்த் தலைவனுக்கும் உயிரைக் கொடுக்கும் ஆட்கள் வேண்டியிருந்தார்கள். கல்லும் படையலும் நிலமும் அதற்கான விலை. இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. கருந்தேவக்கத்தியின் பெயருக்கு முன்னால் அவன் எஜமானின் பெயரும், எஜமானின் மாமனின் பெயரும் வந்துவிடுகின்றன. புகழில் பெரும்பங்கு யாருக்குப் போனது என்பது தெளிவு. இருந்தும் பிரசாரத்துக்கு ஒரு குணம் உண்டு, அது வெற்றியைக் காட்டித்தான் ஆள் சேர்க்கும். செங்கத்துக் கற்கள் தோல்வியை மறைக்கவில்லை. எருமை மேய்ச்சலில் நடந்த ஒரு சின்னச் சண்டையை மாபெரும் போராக்கவும் இல்லை. கள்ளன், எருமை, நாய் என்று நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கின்றன. அரசர்களின் மெய்க்கீர்த்திகளோடு ஒப்பிட்டால் வேறுபாடு உடனே தெரியும். மெய்க்கீர்த்தியில் அரசன் தோற்பதே கிடையாது. ஆகவே கற்கள் சாவைக் கொண்டாடின என்பதை ஏற்கலாம். சாவு வராது என்று அவை யாரையும் ஏமாற்றவில்லை என்பதையும் சேர்த்தே ஏற்க வேண்டும்.

நின்று சாவது ஒன்றே இந்த மண்ணின் பாடம் என்றும் சொல்லிவிட முடியாது. செங்கத்தின் பழைய பெயர் செங்கண்மா. பல்குன்றக் கோட்டத்தை ஆண்ட நன்னனின் ஊர். அவனைக் காணப் போகும் கூத்தர்களுக்கு வழி சொல்லும் 583 அடிப் பாட்டுதான் பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம். வள்ளலின் புகழ் பாட எடுத்த நூலில் பாதுகாப்புக்கு ஒதுக்கிய இடம் வியக்க வைக்கிறது. பன்றிக்கு வைத்த பொறிகள் வழியில் இருக்கும், இருட்டில் போகாதீர்கள், விடிந்தபின் போங்கள். பாம்பு இருக்கும் குழிகளைப் பார்த்து நடங்கள். தினைப்புனக் காவலர் யானையை விரட்டக் கவண் கல் எறிவார்கள், அது உங்கள் மேல் படலாம், மரத்தின் பின்னால் ஒதுங்குங்கள். பாசி படர்ந்த இடத்தில் கால் வழுக்கும், கோரைத் தண்டைப் பிடித்துக்கொண்டு கடங்கள். வழி பிரியும் இடத்தில் பின்னால் வருகிறவர்களுக்காகப் புல்லை முடிந்து வையுங்கள். அதே வழியில் நடுகற்களும் நிற்கின்றன; அவற்றுக்கு வணக்கம் செலுத்திவிட்டுப் போகச் சொல்கிறார் புலவர். ஓடாமல் நின்று செத்தவனுக்கு மரியாதை. ஆனால் வழிப்போக்கனுக்குத் தரும் அறிவுரை, நேரம் பார், கூட்டமாகப் போ, ஒதுங்கு, பிடித்துக்கொள் என்பதுதான். இரண்டுக்கும் இடையே முரண் இருப்பதாக அவருக்குப் படவில்லை. இன்றைய தற்காப்பு ஆசிரியர்களில் நேர்மையானவர்கள் முதலில் சொல்வதும் ஏறக்குறைய இதே பட்டியலைத்தான். சுற்றுச்சூழலைக் கவனி, தப்பும் வழியைப் பார்த்து வை, தனியாக மாட்டிக்கொள்ளாதே. மேடைச் செயல்விளக்கத்தில் இதற்குக் கைதட்டல் கிடைக்காது என்பதால்தான் பயிற்சியின் ஓரத்துக்கு இது தள்ளப்பட்டுவிடுகிறது.

கணக்கைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் திருவண்ணாமலை நகரத்துக்கே ஒரு சாட்சி உண்டு. போசள மன்னன் மூன்றாம் வீர வல்லாளன், கோயிலின் வல்லாள கோபுரத்துக்குப் பெயர் தந்தவன். 1311இல் தில்லித் தளபதி மாலிக் காபூரின் படை அவன் தலைநகரான துவாரசமுத்திரத்தைத் தாக்கியது. பின்னர் தில்லியின் கை மீண்டும் நீண்டபோது, அவன் அண்ணாமலை அடிவாரத்தைத் தன் இருப்பிடமாக்கிக்கொண்டான். பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் பட்டத்துக்கு வந்தவன். ஐம்பது ஆண்டுகள் போல ஆண்டவன். வளைந்தும் நிமிர்ந்தும் பிழைக்கத் தெரிந்தவன். அப்படிப்பட்டவன் 1342 வாக்கில் மதுரை சுல்தான் கியாசுத்தீனுடன் மோதி உயிரிழந்தான். அந்தக் கதையை விவரமாகச் சொல்பவர் மொரோக்கோப் பயணி இபின் பதூதா. அவர் சுல்தானின் சகலை. நடந்து சில காலத்திலேயே மதுரைக்கு வந்தவர்.

அவர் சொல்லும் எண்களில் மிகை இருக்கலாம், ஆனால் கதையின் எலும்பு உறுதியானது. வல்லாளனிடம் 1,00,000 பேர், சுல்தானிடம் 6,000 பேர், அதிலும் பாதிதான் உருப்படி. முதல் மோதலில் சுல்தானின் படை தோற்று மதுரைக்கு ஓடியது. இன்றைய சமயபுரத்தை ஒட்டிய கண்ணனூர்க் கொப்பத்துக் கோட்டையை வல்லாளன் முற்றுகையிட்டான். உள்ளே 14 நாள் உணவுதான் மிச்சம். சரணடைந்தால் உயிரோடு போகலாம் என்றான். சுல்தானிடம் கேட்டுச் சொல்கிறோம் என்று கோட்டைக்குள் இருந்த சுல்தானின் ஆட்கள் 14 நாள் தவணை வாங்கினார்கள். கடிதம் மதுரை போய்ச் சேர்ந்தது. செத்தாலும் சரி என்று துணிந்தவர்கள் கிளம்பினார்கள். முன்னணியில் 300 பேர், பின்னால் சுல்தானோடு 3,000 பேர். அவர்கள் வந்து விழுந்தது உச்சி வெயிலில், ஆட்கள் உறங்கும் வேளையில், குதிரைகளை மேய்ச்சலுக்கு விட்டிருந்த நேரத்தில். யாரோ திருடர்கள் என்று நினைத்து, ஒழுங்கில்லாமல் வெளியே வந்திருக்கிறார்கள் முகாம்வாசிகள். 80 வயது அரசன் குதிரை ஏற முயன்று முடியாமல் பிடிபட்டான். விடுவிப்பதாக ஆசை காட்டி அவனிடமிருந்த செல்வத்தையும் யானை குதிரைகளையும் கறந்துகொண்டார்கள். பிறகு கொன்று, தோலை உரித்து வைக்கோல் திணித்து மதுரை மதிலில் தொங்கவிட்டார்கள். அதைத் தன் கண்ணால் பார்த்ததாகப் பதூதா எழுதுகிறார்.

படைப் போருக்கும் ஒரு தனி மனிதரின் தற்காப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். அளவு வேறு, பிழை ஒன்றே. வல்லாளனுக்குப் பலம் குறைவில்லை, அனுபவமும் குறைவில்லை. முதல் சண்டையில் வென்றவன், எதிரி பட்டினியில், எண்ணிக்கை தன் பக்கம். இந்த மூன்றும் சேர்ந்தால் யாருக்கும் வரும் நிச்சயம் அவனுக்கும் வந்தது. தவணை கொடுத்தவன், தவணை முடியும்வரை எதிராளியும் காத்திருப்பான் என்று எடுத்துக்கொண்டான். தாக்க வருகிறவன் தன் வசதிக்கு நேரத்தைத் தேர்ந்தெடுப்பான், நம் ஆயத்தத்துக்கு ஏற்பத் தேர்ந்தெடுக்க மாட்டான். கூடத்தில் எதிரே நிற்பவர் வணக்கம் வைத்துவிட்டுத்தான் கம்பைத் தூக்குவார். தெருவில் பின்னாலிருந்து வருகிறவன் வணக்கம் வைப்பதில்லை. பயிற்சியில் தேறியவருக்கு இந்த இடத்தில்தான் ஆபத்து அதிகம், ஏனென்றால் தனக்குத் தெரியும் என்ற எண்ணம் எச்சரிக்கையை முதலில் தூங்க வைக்கிறது.

திருவண்ணாமலை வல்லாளனை மறக்கவில்லை. பிள்ளையில்லாத அரசனுக்கு அண்ணாமலையாரே பிள்ளையாக வந்தார் என்பது தலக்கதை. ஆண்டுதோறும் மாசி மகத்தன்று சாமி பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி, கௌதம நதிக்கரையில் வல்லாள மகாராஜாவுக்குத் திதி கொடுக்கிறார். தோற்றுச் செத்த ஓர் அரசனுக்கு அந்த ஊரின் தெய்வமே மகனாக நின்று கடன் கழிப்பது, தமிழ்நாட்டில் அரிதான மரியாதை. நடுகல் மரபின் மனம் இதிலும் துடிக்கிறது. ஆனால் ஊர் நினைவில் வைத்திருப்பது சாவை மட்டும்தான். அந்தச் சாவு எப்படி நேர்ந்தது என்பது, அந்த மத்தியானத் தூக்கமும் மேய்ச்சலுக்குப் போன குதிரைகளும், கதையிலிருந்து நழுவிவிட்டன. இதைக் குறையாகவே கருதுகிறேன். பக்தி அடக்கத்தைக் காப்பாற்றித் தந்தது. படிப்பினையைக் காப்பாற்ற யாரும் இல்லாமல் போனார்கள்.

கோயிலின் மதிலும் ஒரு பாடம்தான், சுருக்கமாகச் சொல்லலாம். கர்நாடகப் போர்களின் காலத்தில் அருணாசலேசுவரர் கோயில் கோட்டையாகப் பயன்பட்டது. 1753இல் முர்தசா அலியும் மராத்தியத் தளபதி முராரி ராவும் முற்றுகையிட்டுப் பிடிக்க முடியாமல் திரும்பினார்கள். 1757இல் பிரெஞ்சுக்காரர்கள், 1760இல் ஆங்கிலேயக் கேப்டன் ஸ்டீபன் ஸ்மித், 1790இல் திப்பு என்று மாறி மாறிக் கைமாறியது. நடுவே 1767இல் செங்கத்திலும் திருவண்ணாமலையிலும் ஐதர் அலிக்கும் கும்பெனிக்கும் சண்டைகள் நடந்தன. இத்தனை உயரமும் கனமும் உள்ள கல் மதிலே நாற்பது ஆண்டுக்குள் இத்தனை பேரிடம் போனதென்றால், எந்தக் காப்பும் கொஞ்ச நேரத்தை வாங்கித் தருவதுதான். அந்த நேரத்துக்குள் உதவி வந்து சேர்ந்ததா என்பதே முடிவைத் தீர்மானித்தது. 1767இல் கும்பெனியின் இன்னொரு ஸ்மித்தான கர்னல் ஸ்மித் திருவண்ணாமலைக்குப் பின்வாங்கி, துணைப்படை வரும்வரை தாக்குப்பிடித்து, அதன்பிறகே திருப்பி அடித்தார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலை மாறியது. பாடிகாவல் என்று கல்வெட்டுகளில் வரியாகவும் உரிமையாகவும் வரும் ஊர்க்காவல் முறை தேய்ந்து, அரசு போலீஸ் வந்தது. 1878 ஆயுதச் சட்டம் வாளும் துப்பாக்கியும் வைத்திருப்பதை உரிமத்துக்குள் அடைத்தது. கம்பு மிஞ்சியது. கோயில் திருவிழாவிலும் ஊர்வலத்திலும் சுற்றும் அலங்காரச் சிலம்பம் தழைத்தது. போர்ச் சிலம்பம் சில ஆசான்களின் கைக்குள் ஒதுங்கியது. இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அழகுக்காகக் கம்பு சுற்றுவதும் கலைதான். 2024 சனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது மகிழ்ச்சிக்குரியது. போட்டிக்குப் புள்ளி வேண்டும், விதி வேண்டும், நடுவர் வேண்டும். கோளாறு தொடங்குவது விளையாட்டில் வென்றவர் தெருவிலும் வெல்வார் என்று நம்பும்போது. பழைய ஆசான்கள் இதற்கு ஒரு கடிவாளம் வைத்திருந்தார்கள். மண்ணைத் தொட்டுக் கும்பிட்டு இறங்க வேண்டும், கம்பைக் கையில் வாங்குவதற்கு முன் காலடியைப் பழக வேண்டும். எங்கே நிற்கிறோம், எப்படி விலகுகிறோம் என்பதைக் கால் கற்றுக்கொண்ட பிறகே கைக்கு ஆயுதம். கை வீச்சின் வேகத்தைப் படம்பிடித்துப் பகிரும் காலத்தில் இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது.

இதற்கு வரும் மறுப்புகளில் வலுவானது பெண்களின் தரப்பிலிருந்து வருகிறது. காலங்காலமாகப் பயந்து ஒடுங்கு என்று கேட்டு வளர்ந்த பெண்ணிடம் தோல்வியைப் பற்றிப் பேசினால் மேலும் ஒடுங்கிவிட மாட்டாளா, அவளுக்கு வேண்டியது தைரியம்தானே? சமக்ர சிக்சா திட்டத்தின் கீழ் அரசுப் பள்ளி மாணவியருக்கு மூன்று மாதத் தற்காப்புப் பயிற்சி தரப்படுகிறது, அந்தப் பணம் தைரியத்துக்காகத்தான் செலவாகிறது. கேள்வி நியாயமானது, அதற்குச் சான்றோடு பதில் இருக்கிறது. கனடாவின் மூன்று பல்கலைக்கழகங்களில் 893 மாணவியரிடம் சார்லின் சென் தலைமையில் ஓர் ஆய்வு நடந்தது, 2015இல் வெளியானது. மொத்தம் 12 மணி நேரப் பயிற்சி. அதில் அடி உதைக்கு ஒதுக்கியது ஒரு பகுதிதான். எந்தச் சூழ்நிலை ஆபத்தாகலாம் என்று கணிப்பது, தெரிந்த ஆளே அத்துமீறும்போது அதை ஒப்புக்கொள்ளத் தடுக்கும் மனத்தயக்கத்தைக் கடப்பது, தன் விருப்பம் என்ன என்று தெளிவது ஆகியவற்றுக்கே மிச்ச நேரம் போனது. ஓராண்டில் பாலியல் வன்புணர்வுக்கு ஆளானவர்கள், துண்டறிக்கை மட்டும் பெற்ற குழுவில் 9.8 விழுக்காடு, பயிற்சி பெற்ற குழுவில் 5.2 விழுக்காடு. எதார்த்தத்தைச் சொல்லிக் கொடுத்ததால் அந்தப் பெண்கள் ஒடுங்கவில்லை. பாதிப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. முழுதாக ஒழியவும் இல்லை, ஆய்வாளர்கள் அப்படிச் சொல்லிக்கொள்ளவும் இல்லை. நம் நாட்டிலும் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில், பாலியல் வன்புணர்வு வழக்குகளில் 90 விழுக்காட்டுக்கு மேல் குற்றவாளி பாதிக்கப்பட்டவருக்குத் தெரிந்தவர். இருட்டுச் சந்தில் பாயும் முகம் தெரியாதவனை மட்டும் எதிராளியாக வைத்து வகுப்பு நடத்தினால், மாணவி எதிர்கொள்ளப்போகும் மாமனும் பக்கத்து வீட்டுக்காரனும் வகுப்புக்கு வெளியிலேயே நின்றுவிடுகிறார்கள். தாக்கப்பட்டும் தப்ப முடியாமல் போன பெண்ணைப் பார்த்து ஏன் திருப்பி அடிக்கவில்லை என்று கேட்கும் கொடுமைக்கும் ‘வெல்லலாம்’ என்ற இந்தப் பேச்சுதான் தீனி போடுகிறது. அம்பு தைத்த வீரனைக் கும்பிட்ட ஊருக்கு அந்தக் கேள்வி தோன்றியிருக்காது. அந்தக் கும்பிடு இன்றும் ஓயவில்லை: செங்கம் பகுதியில் பல நடுகற்களை மக்கள் இன்றும் வேடியப்பன் என்று பொங்கல் வைத்து வணங்குகிறார்கள்.

சட்டமும் அடக்கத்தின் பக்கம்தான் நிற்கிறது. தற்காப்பு உரிமையை இந்தியத் தண்டனைச் சட்டம் 96 முதல் 106 வரையிலான பிரிவுகளில் வைத்திருந்தது. 2024 சூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா அதை 34 முதல் 44 வரை வைத்திருக்கிறது. உயிரைப் பறிக்கும் அளவுக்குக்கூட அந்த உரிமை சில நேரங்களில் நீளும். ஆனால் அரசு அதிகாரிகளிடம் உதவி தேட நேரம் இருந்தால் உரிமை இல்லை, காத்துக்கொள்ளத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்யவும் உரிமை இல்லை என்று 37ஆம் பிரிவு கட்டுகிறது. ஓடுகிறவனைத் துரத்திப் போய் அடித்தால் அடித்தவர் குற்றவாளிக் கூண்டில் நிற்க நேரலாம். இதை எத்தனை பயிற்சிக் கூடங்கள் சொல்லித் தருகின்றன?

கடைசியாக, அண்ணாமலை அடிவாரத்திலேயே 1924 சூன் 26 இரவு நடந்ததைப் பார்க்க வேண்டும். ரமணாசிரமத்துக்குள் கொள்ளையர் புகுந்தார்கள். துப்பாக்கி இருப்பதுபோல் காட்ட வெடி கொளுத்திப் போட்டார்கள். கதவைத் திறந்துவிடுகிறோம், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் ரமணர். அடித்துவிடுவார்களோ என்று ஆசிரம நாய் கறுப்பனை முதலில் அப்புறப்படுத்தினார்கள். ஒருவர் உதவி தேடி ஊருக்குள் போனார். வெளியேறும்போது விழுந்த அடிகளில் ரமணருக்குத் தொடையில் காயம். போதாதென்றால் அடுத்த காலிலும் அடியுங்கள் என்று அவர் சொன்னதைத்தான் எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். இரும்புக் கம்பியோடு பாயத் துடித்த சீடரைத் தடுக்க அவர் சொன்ன காரணம் அதைவிடக் கவனிக்கத்தக்கது: நாம் சாதுக்கள், அவர்களில் ஒருவன் செத்தால் உலகம் நம்மைத்தான் பழிக்கும், அது நியாயமாகவும் இருக்கும். கொள்ளையருக்குக் கிடைத்தது சில வெள்ளித் தகடுகள், கொஞ்சம் அரிசி, சில மாம்பழங்கள், பத்து ரூபாய். போலீஸ் வந்தது, சில நாளில் ஆட்கள் பிடிபட்டுத் தண்டனையும் பெற்றார்கள்.

துறவிக்கு இழக்க ஒன்றுமில்லை, குடும்பஸ்தன் அப்படி இருக்க முடியுமா என்பது இதற்கு எளிதாக வரும் பதில். ஞானத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, அன்று நடந்த காரியங்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அந்தப் பதில் நிற்காது. வெளியேறும் வழியை அடைக்காமல் விட்டது, பலவீனமான உயிரை முதலில் நகர்த்தியது, ஒருவரை உதவிக்கு அனுப்பியது, பொருளை விட்டுக்கொடுத்தது, துரத்தாமல் இருந்தது, சட்டத்திடம் ஒப்படைத்தது: இவற்றில் எதற்கும் துறவு தேவையில்லை. பத்து ரூபாயை விட முடியும்; எருமையை நம்பிப் பிழைத்தவனுக்கு எருமையை விட முடியாமல் இருந்திருக்கலாம்; ஒரு குழந்தையையோ தன் உடம்பையோ யாராலும் விட முடியாது, அங்கே கடிக்கவும் கீறவும் அலறவும் வேண்டும். மூன்று மாதப் பயிற்சியின் முதல் வகுப்பை இந்தக் கேள்வியோடு தொடங்கலாம். கைபேசியா, சங்கிலியா, வண்டியா, இவற்றில் எதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஓடுவாய், எதற்காக நிற்பாய், நின்றால் உன் குரல் யாருக்குக் கேட்கும் என்று ஒவ்வொரு மாணவியும் தன் தெருவையும் தன் பள்ளி வழியையும் வைத்து எழுதட்டும். குத்தும் உதையும் இரண்டாம் வகுப்பில் தொடங்கலாம்.